பனித்தடமும் பெற்றோல் வரியும்

பனி என்றவுடன் நம்மவர் மனத்திலே தோன்றுவது மார்கழி மாதத்து விடியற்காலையும், புல் நுனியிலே நின்று வெயில் ஏறியதும் மறைந்துபோகும் நீர்த்துளியுமேயாகும். அதே பெயராலே நாம் வழங்கும் வேறொரு பொருளும் உண்டு. அது வானத்திலிருந்து பஞ்சுபோல உதிர்ந்து, நிலத்தின்மேல் முழங்காலளவும் இடுப்பளவும் குவிந்து, மூன்று நான்கு மாதங்கள் கரையாது கிடக்கும் வெண்பனி. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் உறவினர் அனுப்பும் படங்களிலே இதனைக் காணாத குடும்பம் இன்று நம்மிடையே அரிது. ஆயினும், அப்பனியின்மேல் மக்கள் எவ்வாறு பாதை அமைக்கின்றனர், அப்பாதைக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது, அப்பணத்தைக் குறைத்துவிடலாமென்று சிலர் கூறும்போது ஊரவர் ஏன் கலங்குகின்றனர் என்பன படங்களிலே தெரிவதில்லை. அவற்றை நேரிலே கண்டறியும் வாய்ப்பு 2023 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே நமக்குக் கிடைத்தது.

ஐக்கிய அமெரிக்காவிலே, வடக்கே சுப்பீரியர் ஏரியும் கிழக்கே மிச்சிகன் ஏரியும் எல்லைகளாக அமைந்த மாநிலம் விஸ்கொன்சின். பாலும் பாற்கட்டியும் மிகுதியாக விளையும் நாடு அது. அதன் தலைநகராகிய மடிசனில் வாழும் நண்பர் ஒருவரின் விருந்தினராகச் சென்றிருந்த நாம், அவருடன் காரிலே வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். 51 ஆம் இலக்கப் பெருந்தெரு நம்மை நேரே வடதிசைக்கு இட்டுச் சென்றது. முதலிலே கமங்களும், செந்நிறக் களஞ்சியங்களும், மாட்டுத்தீவனம் சேமிக்கும் உயர்ந்த குதிர்களும் வந்தன. வோசோ என்னும் நகரைக் கடந்ததும் கமங்கள் அருகின, தேவதாரு மரங்கள் நெருங்கின, வெண்மை மிகுந்தது. இருநூறு மைலுக்குச் சற்று மேற்பட்ட பிரயாணத்தின் பின்னர் மினோக்வா என்னும் சிற்றூரை அடைந்தபோது, உலகத்தின் நிறங்களெல்லாம் வெள்ளை, கருமை, கரும்பச்சை என்னும் மூன்றாகச் சுருங்கிவிட்டனவோ என்று எண்ணத் தோன்றியது.

வழியெல்லாம் ஒரு காட்சி நம் கண்ணை விட்டு அகலவில்லை. பெருந்தெருவுக்குப் பக்கத்திலே, சில இடங்களில் ஐம்பது முழத் தூரத்திலும், சில இடங்களில் மரச்செறிவுக்கு அப்பாலும், மற்றொரு தெரு நம்முடனேயே வந்துகொண்டிருந்தது. அதிலே கார் இல்லை; சில்லுள்ள வண்டி எதுவுமே இல்லை. முன்னே இரு சறுக்குக் கட்டைகளும் பின்னே சுழலும் இறப்பர்ப் பட்டையும் கொண்ட சிறு வண்டிகள், தலைக்கவசம் அணிந்த மனிதரை ஏற்றிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக விரைந்தன. ஸ்னோமொபைல் என்று அவர்கள் கூறும் அதனைப் பனிவண்டி என்று நாம் கூறுவோம். அவ்வண்டிகள் ஓடிய தெருவே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஏரிகளின் நாடு

மினோக்வாவுக்கு வடகிழக்கே விரியும் விலாஸ் மாவட்டத்திலே ஆயிரத்து முந்நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. ஆதியிலே இந்நிலம் ஒஜிப்வே என்னும் குடிகளுக்கு உரியது; இன்றும் அவர்கள் அங்கே தம் நிலங்களிலே வாழ்கின்றனர். அவர்களது ஊரொன்றுக்குப் பிரெஞ்சு வணிகர் இட்ட பெயர் லாக் டு பிளம்போ. தீவட்டி ஏரி என்பது அதன் பொருள். இரவிலே ஓடத்தில் தீவட்டி கொளுத்தி மீன் குத்தும் வழக்கத்தைக் கண்டு அவர்கள் அப்பெயரை வழங்கினர். பனிமேல் பொருளை இழுத்துச் செல்லும் தட்டையான மரச்சறுக்கியைக் குறிக்கும் ‘தொபோகன்’ என்ற சொல்லும் அப்பகுதிப் பழங்குடிகளின் மொழிக்குடும்பத்திலிருந்தே ஆங்கிலத்துக்குச் சென்றது. பனியிலே செல்லும் கலையை வெள்ளையர் கற்றுக்கொண்டது யாரிடம் என்பதை அச்சொல் ஒன்றே காட்டும்.

பின்னர் மரம் வெட்டுவோர் வந்தனர். வானளாவிய வெள்ளைத் தேவதாருக்களை வீழ்த்தி, ஆறுகளின் வழியாகவும் புகையிரதத்தின் மூலமாகவும் தெற்கே அனுப்பினர். மரம் தீர்ந்ததும் அவர்கள் போயினர். காலப்போக்கிலே புகையிரதமும் போயிற்று. மண்ணோ நெடுங்கால வேளாண்மைக்கு ஏற்றதன்று. எஞ்சியவை ஏரிகளும், மீண்டும் முளைத்த காடும், அவற்றை நாடி வரும் விருந்தினருமே. கோடையிலே மீன் பிடிக்கவும் நீந்தவும் நகரத்தார் வருகின்றனர். ஆனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீண்டு கிடக்கும் குளிர்காலத்திலே இவ்வூர்கள் எதைக்கொண்டு பிழைப்பது? அவ்வினாவுக்கு விடையாக வந்தது பனிவண்டி.

கடைக்காரர் செய்த வண்டி

மினோக்வாவிலிருந்து சிறிது தூரத்திலே உள்ளது செயினர் என்னும் குக்கிராமம். அங்குள்ள சிறு நூதனசாலையிலே ஒரு விந்தையான பொருளைக் கண்டோம். அவ்வூரிலே கடை நடத்திய கார்ல் எலியாசன் என்பவர் 1924 ஆம் ஆண்டிலே செய்த வண்டி அது. காலிலே குறைபாடு இருந்தமையால், நண்பர்கள் சறுக்குக் கட்டைகளை அணிந்து வேட்டைக்குச் செல்லும்போது அவர்களுடன் ஒத்து நடக்க அவரால் இயலவில்லை. ஆகவே நீண்ட மரச்சறுக்கி ஒன்றை எடுத்து, ஓடத்திற்குப் பூட்டும் இரண்டரைக் குதிரைவலுச் சிறு இயந்திரத்தை அதன்மேல் ஏற்றி, சைக்கிளின் சங்கிலியையும் பற்சில்லையும் இணைத்து, பழைய போட் காரின் நீர்த்தொட்டியிலே ஒரு பகுதியையும் பொருத்தி, கயிற்றாலே திருப்பும் இரு கட்டைகளை முன்னே வைத்து ஓட்டத் தொடங்கினார். 1927 இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

இதே எண்ணம் துயரத்தினின்றும் பிறந்ததுண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்திலே வல்கூர் என்னும் ஊரிலே ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே என்ற இளம் இயந்திரக்காரர் வாழ்ந்தார். 1934 ஆம் ஆண்டு குளிர்காலத்திலே அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயால் வருந்தினான். பனி மூடிய தெருவிலே வாகனம் செல்லவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல இயலாமல் குழந்தை இறந்தது. பனிமேல் ஓடும் வாகனம் ஒன்றை எப்படியும் ஆக்கியே தீர்வதென்று உழைத்துக்கொண்டிருந்த தந்தை, 1937 இல் தமது பட்டைச்சில்லு முறைக்குக் காப்புரிமை பெற்றார். வைத்தியரும், தபாற்காரரும், பள்ளிப் பிள்ளைகளும் ஏறிச்செல்லும் பெரிய பனிவாகனங்களைச் செய்து விற்றார். 1959 இல் அவர் வெளியிட்ட ‘ஸ்கி-டூ’ என்ற சிறு வண்டியே இவ்விளையாட்டை வட அமெரிக்கா முழுவதும் பரப்பியது.

ஆகவே பனிவண்டியைச் செல்வர்களின் பொழுதுபோக்கு என்று மட்டும் கருதிவிடுதல் பொருந்தாது. அதன் வரலாற்றிலே நடக்க இயலாத கடைக்காரரும் உளர்; மகனை இழந்த தந்தையும் உளர். வழி அடைபட்ட மனிதர் வழி தேடியதன் விளைவே அவ்வண்டி.

வேலி திறந்த கமக்காரர்

வண்டி இருந்தால் மட்டும் போதுமா? அது செல்லும் தடம் எங்ஙனம் உண்டாகின்றது? விஸ்கொன்சின் மாநிலத்திலே இத்தடங்கள் ஏறத்தாழ இருபத்தையாயிரம் மைல் நீளமுடையவை. மினோக்வாவின் தெற்கே செல்லும் பெயர்ஸ்கின் தடம்போலச் சில, கைவிடப்பட்ட புகையிரதப் பாதையின்மேல் அமைந்த அரசாங்க நிலங்களிலே செல்வன. ஆனால் மாநிலம் முழுவதையும் நோக்கின் பெரும்பகுதி தனியாருடைய நிலத்தின் ஊடாகவே செல்கின்றது என்பதை அறிந்தபோது வியந்தோம். கமக்காரர் தம் வயலின் ஓரத்தையும், காட்டுக்காரர் தம் மரங்களின் இடைவெளியையும், குளிர்காலத்திலே மட்டும், வாடகை வாங்காமலே, பிறர் செல்ல விட்டுக்கொடுக்கின்றனர். மாநிலச் சட்டமும் அவர்களுக்குத் துணை நிற்கின்றது. பொழுதுபோக்குக்காகத் தன் நிலத்தைத் திறந்துவிட்டவன்மேல், அங்கே ஒருவர் விழுந்து காயமுற்றார் என்பதற்காகப் பொதுவாக வழக்குத் தொடர முடியாது.

நிலத்தவரிடம் சென்று அனுமதி பெறுவோர் அரசாங்க உத்தியோகத்தரல்லர். ஊர்தோறும் உள்ள பனிவண்டிச் சங்கத்தாரே. அத்தகைய சங்கமொன்றின் தொண்டர் ஒருவரோடு ஒரு மாலைப்பொழுது முழுவதையும் கழித்தோம். அவர் தச்சுத் தொழிலாளி, தலை நரைத்தவர், பேச்சிலே சிக்கனமுடையவர். இலையுதிர் காலம் வந்ததும் சங்கத்தார் சனி ஞாயிறுகளிலே கூடி, விழுந்த மரங்களை அறுத்து அகற்றி, ஓடைகளின் மேலுள்ள மரப்பாலங்களைப் பழுதுபார்த்து, கம்பி வேலிகளிலே கடப்புத் திறந்து, செம்மஞ்சள் நிறச் சாய்சதுரப் பலகைகளை நாட்டி, குறுக்குச் சந்திகளிலே எச்சரிக்கைக் குறிகளை நிறுத்துவர் என்றார். நாம் சிரமதானம் என்று வழங்குவது இதுவன்றோ என்று எண்ணினோம். மார்ச் முடிந்ததும் வயல்களிலே நாட்டிய அக்குறிகளைப் பிடுங்கி, வேலிகளை முன்போல அடைத்து, நிலத்தை நிலத்தவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒரு கம்பு மறந்து நின்றாலும் வசந்தகாலத்தில் கமக்காரரின் இயந்திரம் அதிலே சிக்கும். சிக்கினால் அடுத்த ஆண்டு அனுமதி கிடையாது.

ஏரிகளின்மேலும் தடம் உண்டு. நீர் உறைந்து ஐந்து முதல் ஏழு அங்குலத் தடிப்புள்ள தெளிந்த பனிக்கட்டி ஆகும்வரை வண்டியை அதன்மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான அறிவுரை. நீரோட்டம் உள்ள இடத்திலே பனிக்கட்டி மெலிந்திருக்குமாதலின், ஏரியை எவ்வழியாகக் கடப்பது என்பதைச் சங்கத்தார் குறிகள் நாட்டிக் காட்டுகின்றனர். சில இடங்களிலே நத்தார்ப் பண்டிகை முடிந்ததும் வீடுகளிலிருந்து வெளியே எறியப்படும் மரங்களையே வரிசையாகப் பனிக்கட்டியிலே நட்டு வைக்கின்றனர். மூடுபனியிலும் இருளிலும் அம்மரவரிசை உயிர் காக்கும்.

இரவு பத்து மணிக்கு அத்தொண்டர் நம்மைத் தமது இயந்திரத்திலே ஏற்றிக்கொண்டார். உழவு இயந்திரத்தைப் போன்ற பெரியதொரு வாகனம். பின்னே இரும்புச் சட்டகம் ஒன்றை இழுக்கும். பகலிலே நூற்றுக்கணக்கான வண்டிகள் ஓடுவதால் தடத்திலே அலையலையாக மேடு பள்ளங்கள் உண்டாகின்றன. வேகமாக வருபவன் அவற்றிலே மோதினால் முதுகெலும்பு முறியும். சட்டகத்திலுள்ள தகடுகள் மேடுகளை வெட்டி, பனியைப் புரட்டிக் கலந்து, அழுத்திச் சமப்படுத்துகின்றன. புரட்டிய பனி மீண்டும் இறுகுவதற்குச் சில மணிநேரம் ஆகும், கடுங்குளிரும் வேண்டும். ஆகவே இவ்வேலை இரவிலேயே நடைபெறுகின்றது. மணிக்கு ஏழெட்டு மைலுக்கு மேல் செல்ல முடியாது. நாற்பது மைல் தடத்தைச் சீராக்கி வீடு திரும்ப விடிந்துவிடும். அன்று வெளியே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருபது பாகை. ஊர் முழுவதும் உறங்குகின்ற வேளையிலே, நாளை வரப்போகும் அந்நியருக்காக ஒரு முதியவர் தம் முன்னே விளக்கொளியில் வீழும் பனியை நோக்கியவண்ணம் விழித்திருந்தார்.

ஐம்பது கலன் கணக்கு

இவ்வியந்திரத்தின் விலை என்னவென்று கேட்டோம். புதியதாயின் இலட்சக்கணக்கான டொலர் என்றார். எரிபொருள், உதிரிப்பாகம், பாலத்துக்கு மரம், குறிப்பலகை என்று செலவு பல. உழைப்பு இனாமாகக் கிடைக்கலாம். இரும்பு இனாமாகக் கிடைக்குமா? அப்பணம் வரும் வழியை அவர் விளக்கியபோதே இப்பிரச்சினையின் உட்கருத்து நமக்குப் புலனாயிற்று. மாணவர்கள் இக்கணக்கைச் சிறிது கவனித்தல் நன்று.

விஸ்கொன்சினிலே ஒரு கலன் பெற்றோலுக்கு மாநில வரி 30.9 சதம், 2006 ஆம் ஆண்டு முதல் இதுவே வீதம். தெருக்களைப் பயன்படுத்துவோர் தெருக்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதே இவ்வரியின் நியாயம். பனிவண்டிக்காரரும் சாதாரண நிலையத்திலேயே பெற்றோல் வாங்குகின்றார். அதே வரியைச் செலுத்துகின்றார். ஆனால் அவருடைய வண்டி பெருந்தெருவிலே ஓடுவதில்லை. கமக்காரர் வயலிலே பயன்படுத்திய பெற்றோலுக்குச் செலுத்திய வரியைத் திரும்பப் பெறலாம். பதிவு செய்த பனிவண்டிக்கு அச்சலுகை இல்லை. அதற்கு ஈடாகவே மாநிலம் ஒரு முறையை வகுத்தது. வண்டி ஒன்று ஆண்டுக்கு ஐம்பது கலன் எரிக்கும் என்று கொள்க. அதனைப் பதிவான வண்டிகளின் தொகையாலும் வரி வீதத்தாலும் பெருக்குக. வரும் தொகையோடு அதன் நூற்றுக்கு நாற்பது பங்கை மேலும் கூட்டுக. அத்தொகை தெரு நிதியிலிருந்து பனிவண்டிக் கணக்குக்கு மாற்றப்படும்.

ஐம்பது கலனுக்கு வரி 15 டொலர் 45 சதம். நாற்பது வீதம் கூட்டினால் 21 டொலர் 63 சதம். மாநிலத்திலே பதிவான வண்டிகள் இரண்டு இலட்சத்துக்கு மேல். இரண்டு இலட்சம் என்றே கொண்டாலும் ஏறத்தாழ 43 இலட்சம் டொலர் வருகின்றது. இதனோடு பதிவுக் கட்டணமும், 2015 இலே புகுத்தப்பட்ட தட அனுமதிச் சீட்டின் பணமும் சேர்கின்றன. சங்கங்கள் முதலிலே வேலையைச் செய்து கணக்குக் காட்ட, மாவட்ட நிருவாகத்தின் வழியாக மைலொன்றுக்கு இவ்வளவென்று உதவி கிடைக்கின்றது.

மத்திய அரசாங்கமும் கலனொன்றுக்கு 18.4 சதம் வரி அறவிடுகின்றது. 1993 இலிருந்து அவ்வீதம் உயரவில்லை. தெருவிலே ஓடாத வண்டிகள் செலுத்தும் வரியிலே ஒரு பங்கு தடங்களுக்கே செல்ல வேண்டும் என்ற கொள்கை 1991 ஆம் ஆண்டிலே சட்டமாயிற்று. இன்று ஆண்டுக்குச் சுமார் 8 கோடி 40 இலட்சம் டொலர் ஐம்பது மாநிலங்களுக்கும் அவ்வழியே பகிரப்படுகின்றது. பங்கீட்டின் விதி நேர்த்தியானது: நூற்றுக்கு முப்பது இயந்திர வண்டிகளின் தடங்களுக்கு, முப்பது நடப்போர், குதிரையேறுவோர், சறுக்குவோர் தடங்களுக்கு, நாற்பது பலருக்கும் பொதுவான தடங்களுக்கு. தெருவுக்கு வெளியே எரியும் விளையாட்டு எரிபொருளின் வரி ஆண்டுக்குச் சுமார் 28 கோடி டொலர் வரை இருக்கலாமென 2021 இல் வெளியான அரசாங்க மதிப்பீடு ஒன்று கூறுகின்றது. செலுத்துவதிலே மூன்றில் ஒரு பங்கும் திரும்பி வருவதில்லை என்பதே இதன் பொருள்.

குறைக்கலாமா?

இவ்வளவு தெளிவான கணக்காயினும், இந்நிதியைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும் என்ற குரல் காலத்துக்குக் காலம் எழுகின்றது. 2012 ஆம் ஆண்டிலே மத்திய போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டபோது தடங்களின் பங்கு தனித்து நிற்குமோ என்ற ஐயம் பிறந்தது. முடிவிலே அது தப்பியது. ஆயினும் ஒரு மாநிலத்தின் ஆளுநர் விரும்பினால் அப்பங்கை ஏற்காது விடலாம் என்ற வாசலும் திறந்து வைக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டு பெற்றோல் விலை ஏறியபோது மத்திய வரியையே மூன்று மாதத்துக்கு நிறுத்துமாறு சனாதிபதி பைடன் கேட்டார். காங்கிரஸ் அதனை நிறைவேற்றவில்லை. 2021 இல் நிறைவேறிய சட்டம் 2026 செப்டெம்பர் வரைக்குமே ஒதுக்கீட்டை வகுத்தது. இத்தகைய சட்டம் முடியும் ஒவ்வொரு தறுவாயிலும், அடுத்ததிலே தடங்களுக்கு இடமுண்டா என்ற வினா எழுவது வழக்கம்.

குறைக்க வேண்டுமென்போரின் வாதங்களைப் புறந்தள்ளுதல் முறையன்று. தெருக்களும் பாலங்களும் பழுதுபட்டுள்ளன. பெற்றோல் குறைவாகக் குடிக்கும் கார்களாலும் மின்சாரக் கார்களாலும் வரி வருமானம் தளர்கின்றது. மத்திய தெரு நிதிக்கு 2008 முதல் பொதுப்பணத்தைக் கொட்ட வேண்டியதாயிற்று. இந்நிலையில் விளையாட்டுக்குப் பணமா என்று கேட்கின்றனர். இயந்திரங்களின் இரைச்சல் காட்டின் அமைதியைக் குலைக்கின்றது, புகை காற்றைக் கெடுக்கின்றது என்போரும் உளர்.

முதல் வாதத்துக்கு விடை கணக்கிலேயே உள்ளது. விஸ்கொன்சின் எரிபொருள் வரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு கோடி டொலர் திரட்டுகின்றது. தடங்களுக்குச் செல்வது ஒரு டொலரிலே அரைச் சதத்துக்கும் குறைவு. அதனைப் பறிப்பதாலே தெருக்களின் பள்ளம் நிரம்பப் போவதில்லை. அன்றியும், அது தெருக்காரரின் பணமன்று. தெருவிலே ஓடாதவன் செலுத்திய பணம். ஒருவன் வாங்காத பொருளுக்கு அவனிடம் விலை பெற்றபின், அதைத் திருப்பித் தருவதைத் தானமென்று பெயரிட்டுப் பின்னர் அத்தானத்தையும் நிறுத்துவது நியாயமாகுமா?

இரைச்சலும் புகையும் மெய்யே. அவற்றை அடக்க வேண்டியதும் மெய்யே. புதிய வண்டிகளின் புகைக்கு 2002 ஆம் ஆண்டிலே மத்திய அரசாங்கம் வரம்பு விதித்தது. இரவு வேளையில் மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓட்டலாகாதென்று விஸ்கொன்சின் சட்டம் கூறுகின்றது. ஆயினும் நாம் கண்ட உண்மை ஒன்றுண்டு. குறி நாட்டிய தடம் இல்லாவிடின் வண்டிகள் மறைந்துவிட மாட்டா. அவை இளமரக் கன்றுகளின் மேலும், பிறர் வயலின் மேலும், மெலிந்த பனிக்கட்டியின் மேலும் ஓடும். காட்டின் அமைதியைக் காப்பதற்கும் தடமே வழி. எது வண்டிக்குரிய இடம், எது சறுக்குவோர்க்குரிய இடம் என்று எல்லை வகுப்பது அதுவே.

இவற்றினும் பெரியது வேறொன்று. ஊர்ச் சங்கத்தாருக்கும் நிலத்தவருக்கும் இடையேயுள்ள உடன்பாடு நம்பிக்கையினால் நிற்பது. வேலி திருத்தப்படும், குறி பிடுங்கப்படும், தடம் விட்டு விலகுவோர் தடுக்கப்படுவர் என்று நம்பியே கமக்காரர் கடப்பைத் திறக்கின்றார். பணம் குறைந்தால் இவற்றுள் ஒன்று தவறும். தவறினால் ஒருவர் தம் நிலத்தை மூடுவார். தடமென்பது சங்கிலி போன்றது. நாற்பது மைலிலே கால் மைல் அடைபட்டாலும் எஞ்சியதெல்லாம் பயனற்றது. அக்கால் மைலை மீண்டும் திறக்கப் பல ஆண்டுகள் அயலாரைக் கெஞ்ச வேண்டும். சேமித்த பணமோ சில நூறு டொலர்.

மினோக்வாவுக்கு அண்மையிலே, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தடத்தோரத்து உணவுச்சாலை ஒன்றுக்குச் சென்றோம். வெள்ளிதோறும் மீன் பொரித்து விருந்திடுவது அம்மாநிலத்தார் வழக்கம். மரக்கறி உண்போராகிய நமக்கு, அதனுடன் பரிமாறும் உருளைக்கிழங்கு அடையே விருந்தாயிற்று. வெளியே கார்கள் ஐந்து. பனிவண்டிகள் முப்பதுக்கு மேல். பரிமாறிய பெண் இரு பிள்ளைகளின் தாய். கோடையிலே படகுத்துறையிலும் குளிர்காலத்திலே இங்கும் வேலை. தடம் மூடினால் என் செய்வீர் என்று கேட்டோம். “நகரத்துக்குப் போவேன், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அப்படித்தான் ஒவ்வொரு பிள்ளையாகக் குறைந்து வருகின்றது” என்று கூறி, வேறொரு மேசைக்குச் சென்றார். ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு அவ்விடையின் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பனி பெய்யாத ஆண்டு

நாம் சென்ற குளிர்காலம் பனி மிகுந்தது. அடுத்து வந்த 2023-24 குளிர்காலமோ விஸ்கொன்சினிலே பதிவான குளிர்காலங்கள் யாவற்றினும் வெப்பமானது. தை மாசியிலே புல் தெரிந்தது. பல மாவட்டங்களிலே தடங்கள் சில நாட்களே திறந்தன. சிலவற்றிலே திறக்கவே இல்லை. நண்பர் இதனை எழுதியபோது, இரவிலே விழித்திருந்த அம்முதியவரையே நினைத்தோம்.

பனியே குறைந்துவரும் காலத்திலே தடத்துக்கு ஏன் பணம் என்று இதைக் கொண்டும் வாதிக்கலாம். உலகம் வெப்பமுறுதல் மறுக்கவொண்ணாத உண்மை. அதிலே எரிபொருளுக்கும் பங்குண்டு என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆனால் பனி பெய்யாத ஆண்டிலும் மரம் விழுகின்றது, பாலம் உக்குகின்றது, நிலத்தவரோடு உறவு பேணப்பட வேண்டியுள்ளது. சீட்டுப் பணமும் விருந்தினர் பணமும் வறளும் அவ்வாண்டிலேதான், பதிவான வண்டிகளைக் கொண்டு கணக்கிடப்படும் வரிப்பங்கு சங்கத்தைத் தாங்கி நிற்கின்றது. மழை பொய்த்த ஆண்டிலே குளத்தின் அணையைக் கைவிடுவோர் உண்டோ? அடுத்த மழையை நம்பி அணையைக் காப்பதே குடிகளின் அறிவு.

பெற்றோல் வரியின் காலம் நிரந்தரமன்று. மின்சார வண்டிகள் பெருகும் நாளிலே தெருவுக்கும் தடத்துக்கும் வேறு வகையாகப் பணம் தேட வேண்டிவரும். அதனை இப்போதே ஆராய்தல் நன்று. ஆனால் புதுவழி காணும் முன்னரே உள்ள வழியை அடைத்தல் கூடாது. அயலான் நிலத்தை அயலானுக்குத் திறந்துவிடும் பண்பும், கூலி பெறாது இரவில் விழித்திருக்கும் தொண்டும் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் எழுதப்படாத செல்வங்கள். அவை அழிந்தபின் நூறு மடங்கு பணம் கொடுத்தும் மீட்டல் அரிது. வண்டிக்காரர் செலுத்திய வரியிலே ஒரு சிறு பங்கே அச்செல்வங்களைக் கட்டிக் காக்கின்றது. அதனைக் குறைத்தல் தகாது என்பதே, அத்தடங்களிலே நான்கு நாட்கள் உலவிவந்த நமது துணிபு.